கரிக் கணக்கு

பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறந்துவிடும்போதெல்லாம் சர்க்கார் ஓர் எச்சரிக்கை வெளியிடுவது வழக்கம். கொசஸ்தலை ஆற்றின் இரு கரைகளிலும் தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் பத்திரமான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லி, ஊர்ப் பெயர்களை வரிசையாகக் கொடுப்பார்கள். பட்டியல் கடலை நெருங்கும்போது மணலி வரும். மணலி புதுநகர் வரும். அதற்குப் பின்னால் சடையங்குப்பம் வரும். அப்புறம் எண்ணூர். அதோடு ஆறும் முடிந்துவிடும், பட்டியலும் முடிந்துவிடும். சென்னைவாசிகளில் பெரும்பாலோருக்குச் சடையங்குப்பத்தோடு உள்ள பழக்கம் இவ்வளவுதான். வெள்ளம் வடிந்ததும் ஊரின் பெயரும் நம் ஞாபகத்திலிருந்து வடிந்துவிடுகிறது.

அந்த ஊரை நான் இந்தக் கட்டுரைக்குள் இழுத்து வந்ததற்குச் சில அறிக்கைகள் காரணம். கதைப் புத்தகங்கள் அல்ல என்று அவற்றை எழுதியவர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் கதைக்கு அவற்றில் குறைவே இல்லை. 2017 டிசம்பரில் பாரிஸ் நகரத்தில் எட்டு மத்திய வங்கிகளும் நிதிக் கண்காணிப்பு அமைப்புகளும் கூடி ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. உலகம் இப்படியே சூடேறிக்கொண்டு போனால் நாடுகளின் பொருளாதாரம் என்ன கதி அடையும், சூட்டைத் தணிப்பதற்காக நிலக்கரியையும் எண்ணெயையும் கைவிட்டால் என்ன கதி அடையும் என்று கணக்குப் போடுவது அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று. நம்முடைய ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரலில் அதில் சேர்ந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2025 ஜனவரியில் விலகிக்கொண்டது. புகைபிடிக்கிறவர்கள் பாதியில் எழுந்து வெளியே போவது எல்லாக் கூட்டங்களிலும் உள்ள வழக்கம்தானே!

சங்கத்தார் வருங்காலத்தைச் சில கதைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுக்கு 'சினாரியோ' என்றே பெயர். சினிமாக்காரர்கள் வாயிலிருந்து நான் பல தடவை கேட்ட சொல் அது. முதல் வகைக் கதையில் எல்லா நாடுகளும் இன்றைக்கே புத்திசாலிகளாகிவிடுகின்றன. கரிப்புகைக்கு ஒரு விலை வைத்து அதை ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக உயர்த்துகின்றன. தொழில்கள் மெல்ல மாறிக்கொள்கின்றன. இதற்கு 'ஒழுங்கான மாற்றம்' என்று பெயர். இரண்டாவது வகையில் எல்லோரும் 2030 வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதற்கப்புறம் தலைதெறிக்க ஓடுகிறார்கள். இது 'ஒழுங்கற்ற மாற்றம்.' மூன்றாவதில் யாரும் ஒன்றும் செய்வதில்லை. கண்ணாடிக் கூண்டில் வைத்த செடியைப் போல உலகம் வேகிறது. நான்காவதில் கொஞ்சம் செய்கிறார்கள், அதையும் காலம் கடந்து செய்கிறார்கள். நாலு கதைகளிலும் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது இந்த நாலாவதுதான். நம் ஊரில் எத்தனையோ கல்யாணங்களும் வைத்தியங்களும் நடக்கிற முறை அது.

இவற்றைக் கேலி செய்து ஒதுக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க மரியாதை வந்தது. கரிக்கு ஒரு விலை வைத்தால் அந்த விலை எங்கெங்கே நடந்து போகிறது என்பதை அவர்கள் பின்தொடர்கிற விதம் ஒரு நல்ல துப்பறியும் நாவலுக்கு நிகரானது. மின்சாரம் விலை ஏறும். மின்சாரத்தில் ஓடும் ஆலையின் சிமெண்டும் இரும்பும் ஏறும். அவற்றால் கட்டும் வீட்டின் வாடகை ஏறும். இன்னொரு பக்கம், நாற்பது வருஷம் ஓடும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய அனல் நிலையம் இருபதாவது வருஷத்தில் நின்றுபோனால், அது வாங்கிய கடன் வங்கியின் வாராக் கடனாகும். அந்த வங்கியில் பணம் போட்டிருப்பவர் வேறு யாருமில்லை, பென்ஷன் வாங்கும் நம்முடைய பக்கத்து வீட்டுக்காரர்தான்.

நம் ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சுமக்கும் சரக்கில் ஏறக்குறையப் பாதி எடை நிலக்கரி. சரக்குக் கட்டணத்தில் வரும் லாபத்தைக் கொண்டுதான் பிரயாணிகளின் டிக்கெட்டைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். சென்ட்ரலிலிருந்து எண்ணூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சில்லறைக் காசு கொடுத்து மின்சார ரயிலில் போகிறவர் தம்முடைய டிக்கெட்டில் ஒரு பங்கை எங்கோ ஒரிஸாவிலோ ஜார்க்கண்டிலோ ஓடும் கரி வண்டி கட்டிவிட்டது என்று அறிய மாட்டார். கரி வண்டி நின்றால் அந்தப் பங்கை யாராவது கட்டியாக வேண்டும். ஒரு தேசத்தின் பொருளாதாரம் இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. ஒரு நூலை உருவினால் எங்கே பிரியும் என்று சொல்ல முடியாது.

ரிசர்வ் வங்கி 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் நம் நாட்டுக்கான கணக்கு இருக்கிறது. பசுமை வழிக்குத் திரும்புவதற்கு 2030 வரை ஆண்டுதோறும் தேச உற்பத்தியில் குறைந்தது நூற்றுக்கு 2.5 பங்கு முதலீடு வேண்டுமாம். இன்றைய அளவில் எட்டு லட்சம் கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா இருந்தாலும் செலவு உண்டு. வெயிலிலும் புழுக்கத்திலும் ஜனங்கள் வேலை செய்ய முடியாமல் போகும் மணி நேரத்தால் மட்டும், 2030 வாக்கில் தேச உற்பத்தியில் நூற்றுக்கு 4.5 பங்கு வரை ஆபத்துக்கு உள்ளாகலாம் என்கிறது அதே அறிக்கை. ஆகவே மாறுவதா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு இடமில்லை. 2070-க்குள் நிகரப் புகையைப் பூஜ்யமாக்குவதாகப் பிரதமர் 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார். 2025 ஜூனில் நம் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, கரியும் எண்ணெயும் வாயுவும் வேண்டாத நிலையங்களாகிவிட்டது. இது பெரிய சாதனை. என்றாலும் காற்றும் வெயிலும் எந்நேரமும் வேலைக்கு வருவதில்லை. ஓடுகிற மின்சாரத்தில் பத்துக்கு ஏழு பங்கு இன்றும் கரியிலிருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 2024-ம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' பத்திரிகையில், வெப்பத்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நஷ்டம் பயங்கரமாக இருந்தது. வங்கிச் சங்கத்தாரும் அதே ஆண்டு நவம்பரில் தங்கள் கதைகளில் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு வேறு நிபுணர்கள் தோண்டிப் பார்த்ததில், உஸ்பெகிஸ்தான் என்ற ஒரே ஒரு நாட்டின் 1990-களின் புள்ளிவிவரத்தில் இருந்த கோளாறு, உலகத்தின் மொத்த நஷ்டத்தையே தூக்கி நிறுத்தியிருந்தது தெரிய வந்தது. 2025 டிசம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெப்பம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. நஷ்டம் உண்டு, அளவுதான் தகராறு. எனக்கு இதில் தோன்றியது வேறு. உஸ்பெகிஸ்தானின் கணக்கு தப்பாக இருந்தாலும் அதற்கு ஏட்டில் ஒரு வரி இருந்தது. வரி இருந்தபடியால்தான் தப்பும் அகப்பட்டது. ஏட்டில் வரியே இல்லாதவர்களுடைய கணக்கில் தப்பு நேர்ந்தால் அதை யார் கண்டுபிடிப்பது?

அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் வெள்ள எச்சரிக்கைப் பட்டியல் நினைவுக்கு வந்தது. இந்த அறிக்கைகள் வருங்காலத்தில் வரும் என்று சொல்கிற மாற்றங்களின் சிறிய பதிப்புகள் வடசென்னையில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கின்றன.

சடையங்குப்பம் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மேற்கே, மணலிக்கு வடக்கே, ஆற்றுக்குத் தெற்கே தாழ்ந்து கிடக்கிறது. 2011-ல் இது சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. தெற்கே 1965-ல் ஆரம்பித்த எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கம்பெனியின் கோபுரங்கள். வடக்கே, ஆற்றுக்கு அப்பால், வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும். இரண்டும் சேர்ந்து நான்காயிரம் மெகாவாட்டுக்கு மேல். ஒரிஸாவின் தால்சேர் சுரங்கத்துக் கரி பாரதீப் துறைமுகம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலேறி, 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. எரிந்து மிஞ்சிய சாம்பல் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் கசிந்தால் கழிமுகத்துக்குப் போகிறது. அந்தக் கழிமுகத்தின் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். தேச உற்பத்தியின் எந்தப் பத்தியில் அந்த இறால் சேர்கிறதோ தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கால்வாயில் இறங்கிக் கழிமுகம் முழுவதும் படிந்தபோது, சர்க்கார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கழிமுகத்துக்கு ஒரு விலை போடப்பட்டதை அன்றைக்குத்தான் நான் முதல் முதலாகப் பார்த்தேன்.

மாற்றங்களைச் சொல்ல வந்தேன். ராயபுரத்தில் பல வருஷங்களாக ஜனங்கள் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: துறைமுகத்தில் கொட்டும் கரியும் இரும்புத் தாதுவும் காற்றில் பறந்து வந்து வீட்டுக்குள் படிகின்றன, உலர்த்திய துணி கறுக்கிறது, குழந்தை இருமுகிறது. உயர் நீதிமன்றம் கேட்டது. 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கரியும் தாதுவும் கூடாது என்றாயிற்று. நல்ல தீர்ப்பு, நான் அதைப் பாராட்டுகிறவன். துறைமுகம் கார்களையும் கண்டெய்னர்களையும் நம்பிப் பிழைக்கப் பழகிக்கொண்டது. கரிக் கப்பல்கள் மட்டும் கரியை விட்டுவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு மைல் வடக்கே, எண்ணூரில் போய் நங்கூரம் போட்டன. ராயபுரத்துத் துணி வெளுத்தது. எண்ணூர்ப் பக்கத்துத் துணியைப் பற்றி எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. தேசத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் கரி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. தூசு ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது மாற்றம் பழைய எண்ணூர் அனல் நிலையம். 1970-ல் ஓடத் தொடங்கி 450 மெகாவாட்டாக வளர்ந்து, 2017 மார்ச் 31-ல் மூடப்பட்டது. பருவநிலைக்காக மூடவில்லை, கிழடாகிவிட்டதால் மூடினார்கள். ஆனால் ஓர் அனல் நிலையம் மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே நமக்குக் கிடைத்த ஒத்திகை. மின்சார வாரியத்தின் நிரந்தர ஊழியருக்கு மாறுதல் உத்தரவு என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி ஓர் உத்தரவு எந்த அலுவலகத்திலும் தட்டச்சு ஆவதில்லை. டீக்கடைக்காரருக்கும் சாப்பாட்டுக்காரிக்கும் சைக்கிள் நிறுத்துமிடம் வைத்திருந்தவருக்கும் அதுவும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது.

இதற்கிடையே 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் நிலையம் ஒன்றைத் திறந்துவைத்தார்கள். பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இப்படிப்பட்ட நிலையத்தின் செலவை இருபத்தைந்து வருஷத்துக்குப் பரப்பிக் கணக்குப் போடுவது மரபு. 2024-ஓடு இருபத்தைந்தைக் கூட்டிப் பாருங்கள். வங்கிச் சங்கத்தார் எழுதிய 'தாமதமான மாற்றம்' என்ற கதை எங்கே நடக்கிறது என்று யாராவது கேட்டால் அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கிக் கையை நீட்டிக் காட்டலாம்.

சடையங்குப்பத்துக்கு நான் போனது ஒரு மத்தியான வேளை. கண்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தால் பர்மா நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். 1964-ல் பர்மாவின் ராணுவ ஆட்சி கடைகளையும் வியாபாரங்களையும் தேசியமயமாக்கி, பெரிய நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்களை இங்கே கொண்டு வந்து குடியமர்த்தினார்கள். எங்கே? ஆறு பெருகினால் முதலில் மூழ்கும் இடத்தில். நிலம் மலிவாக இருக்கும் இடத்தில்தானே ஏழைகளுக்குக் குடியிருப்பும் பெரிய ஆலைகளுக்கு மனையும் கிடைக்கும்? 'ஒழுங்கற்ற மாற்றம்' என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்க்க வேண்டியவர்கள் இந்தத் தெருவில் யாரும் இல்லை.

டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். இந்த வட்டாரத்து மின் நிலையம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவர். எந்த நிலையம், எந்த காண்டிராக்டர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை மண்வெட்டியால் அள்ளித் திரும்பவும் பெல்ட்டில் போடுவதுதான் அவர் வேலை. காண்டிராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; மண்வெட்டி மட்டும் மாறவில்லை.

"கரியே இனிமேல் வேண்டாம் என்று உலகமெல்லாம் பேசுகிறார்களே, கேள்விப்பட்டீர்களா?" என்று கேட்டேன்.

"டி.வி.யில காட்றாங்களே சார். நல்லதுதான். எம் பேத்தி வீசிங்ல கஸ்டப்படுது. அது நின்னா போதும்."

"உங்களுக்கு வேலை போனபோது ஏதாவது கொடுத்தார்களா?"

"இன்னா சார் குடுப்பாங்க? திங்கக்கெழமை போனோம். கேட்ல, 'இன்னிலேர்ந்து ஆள் வேணாம்'னு சொன்னாங்க. சோத்து டப்பாவ அப்டியே தூக்கினு வந்துட்டோம்."

சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. இப்போது கண்டெய்னர் யார்டு ஒன்றில் கிடைக்கிற நாளில் மூட்டை தூக்குகிறார்.

வீடு திரும்பியபின், நம் தேசத்தில் கரியின் தலையில் வரி வைத்த சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. சங்கம் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே, 2010-ல், ஒரு டன் கரிக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்தி செஸ் விதித்தோம். 2014-ல் 100 ஆயிற்று, 2015-ல் 200, 2016-ல் 400. அழுக்கான எரிபொருளிடம் வசூல் செய்து சுத்தமான எரிபொருளுக்குக் கொடுப்பது என்ற அருமையான ஏற்பாடு. பாடப் புத்தகத்தில் போடலாம். 2010-11 முதல் 2017-18 வரை இந்த வகையில் வசூலான தொகை 86,000 கோடி ரூபாய்க்கு மேல். அதிலே தூய எரிசக்தி நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்குச் சற்றுக் குறைவு. அந்த நிதியிலிருந்தும் திட்டங்களுக்குச் செலவானது ஏறக்குறைய 16,000 கோடிதான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதே 400 ரூபாய் பெயரை மாற்றிக்கொண்டு, மாநிலங்களின் வரி நஷ்டத்தை ஈடுசெய்யும் செஸ்ஸாகப் போய்விட்டது. 2025 செப்டம்பரில் அதுவும் நீங்கி, கரிமீதான ஜி.எஸ்.டி. 5 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக ஏறியது. மாநிலங்களுக்கு ஈடு கொடுத்ததைத் தவறு என்று நான் சொல்லவில்லை. கரியை விடுவதற்கென்று கரியிடமே வாங்கிய பணம் கரியால் வாழ்ந்தவனையும் கரியால் இருமியவனையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

வேறு தேசங்கள் என்ன செய்தன என்றால், ஜெர்மனி 2038-க்குள் கரியை விடுவதென்று 2020-ல் சட்டம் செய்தபோது, கரிப் பிரதேசங்களுக்கென்று 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க ஒப்புக்கொண்டது. பணக்கார தேசம், செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் கொமாட்டி என்ற அனல் நிலையத்தை 2022 அக்டோபரில் மூடினார்கள். உலக வங்கிக் கடன், சூரிய மின்சாரம், தொழில் பயிற்சி என்று திட்டமெல்லாம் கையில் இருந்தது. அப்படியும் பழையது மூடிய வேகத்தில் புதியது வரவில்லை, ஊர் வெறிச்சோடியது. நம்மைவிட அதிகமாக யோசித்தவர்களுக்கே இந்தக் கதி.

ஆனால் நம்முடைய கையில் ஒரு பென்சில் இருக்கிறதே. 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு மூச்சாக ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 3,000 டன் கரி தின்னும். டன்னுக்கு 400 ரூபாய் என்றால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கை, டன்னுக்கு நாற்பது ரூபாயை, அந்த நிலையம் நிற்கிற ஊரின் பெயரில் தனியாக எடுத்து வைத்திருந்தால் ஒரே இயந்திரத்திலிருந்து வருஷத்துக்கு நான்கு கோடி சேர்ந்திருக்கும். ஆற்று முகத்தை ஆழப்படுத்துவதற்கும், மூடுகிற அன்றைக்குக் கரி அள்ளினவருக்கு ஒரு வருஷக் கூலி கொடுப்பதற்கும் அது போதாதா என்ன? பழைய செஸ் போய்விட்டாலும் கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதன்மேல் வரியும் வசூலாகிக்கொண்டுதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி சொல்கிற எட்டு லட்சம் கோடிக்கு முன்னால் இது மூக்குப்பொடி காசு.

இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் ஒருநாள் சடையங்குப்பம் போனேன். பெரியவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். கரி டன் கணக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு நாளில் எத்தனை 'ரேக்' இறங்கும் என்று எனக்கே திருத்தம் சொன்னார். பிறகு, "எல்லாம் சரி சார், ஒருத்தன் அங்க வேல செஞ்சான்னு எப்டி தெரியும் அவுங்களுக்கு?" என்றார்.

"பதிவேடு இருக்குமே?"

"எந்தப் பதிவேடு? காண்டிராக்டருகிட்ட மூணு மாசத்துக்கு ஒருக்கா புது கேட் பாஸு. பழச வாங்கிக்குவாங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ரேஷன் அட்டை நகல், மருந்துச் சீட்டு, இவற்றுக்கு நடுவே பாஸ் ஒன்று இருந்தது. கடைசி நாளில் திருப்பி வாங்க யாருக்கும் தோன்றவில்லையாம். படம் மங்கிப்போய் முகம் தெரியவில்லை. காண்டிராக்டரின் முத்திரையும் ஒரு தேதியும் தெரிந்தன. பெயர் எழுதும் இடத்தில் 'ஹெல்ப்பர்' என்று எழுதியிருந்தது.